முதல் வரிசையில் தொடங்கிய மங்களம்

மொழிவாரி மாநிலங்கள் வந்து மைசூர் ராஜ்யம் பெரிதாகி ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தோம். நான் சொல்லப்போவது நடந்தது பக்கத்து மல்லேஸ்வரத்தில், ஒரு ராமநவமிப் பந்தலில், பட்டப்பகலில், ஊர் ஜனம் அத்தனையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது. பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே ஏதோ நடந்தது என்பதே தெரியாது. அதனால்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர், "மில்லுல சங்கு ரிப்பேர் ஆனா உன்னைக் கூட்டிட்டுப் போய் நிறுத்திடலாம்" என்பார். அப்படிப்பட்ட நான் அன்றைக்குப் பேச வேண்டியதை எல்லாம் பேசினேன். ஒன்றும் ஆகவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது மல்லேஸ்வரத்தில்தான். அப்பா சர்க்கார் உத்தியோகஸ்தர். வீட்டுக்கே ஒரு அம்மாள் வந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கல்யாணமாகி ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஸ்ரீராம்புரத்துக்கு வந்துவிட்டேன். கணவருக்கு மில் ஆபீசில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன். ஜன்னலில் வரிசையாகப் பிள்ளைகளின் தலை தெரியும். விரட்டினால் ஓடும், மறுபடி வந்து நிற்கும். "உள்ளதான் வந்து தொலையுங்களேன்" என்று ஒரு நாள் சொன்னேன். அதுதான் எங்கள் பாட்டு ஸ்கூலின் திறப்பு விழா.

வந்ததெல்லாம் மில் தொழிலாளிகளின் பிள்ளைகள், மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், கார்ப்பரேஷனில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் இடம் போதாமல் போனதும், தெருக்காரர்கள் சேர்ந்து தங்கள் பஜனைக் கூடத்தைச் சாயங்காலங்களில் விட்டுக் கொடுத்தார்கள். மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவர் மிருதங்கம் வாசிக்க வந்தார். ஷிப்டு முடிந்து கையைக் கழுவிக்கொண்டு நேராக வந்து உட்காருவார், பேச்சு அதிகம் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு பழைய சுருதிப்பெட்டி. அதை யார் அமுக்குவது என்று தினம் ஒரு சண்டை நடக்கும்.

வகுப்பை முடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. மங்களம். அந்தப் பிள்ளைகள் பாட உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. "இன்னொண்ணுக்கா, இன்னும் ஒரே ஒண்ணுக்கா" என்று பிடுங்கி எடுக்கும். நான் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டாமா? அதனால் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். மங்களம் தொடங்கினால் எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்க வேண்டும். வாய்விட்டுக் கூடவே பாட வேண்டும். முடிந்த பிறகு ஒரு ஸ்வரம்கூட வெளியே வரக்கூடாது. சாமிக்கு முன்னால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்கிற பாட்டு அது, அதன்மேல் இன்னொன்றைப் பாடுவது மரியாதை இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. வாசற்படி தாண்டிய பிறகு எவனாவது முனகினால், பக்கத்தில் இருப்பவன் "டேய், மங்களம் ஆச்சுடா" என்று தலையில் ஒரு குட்டு வைப்பான். வீட்டில் உதை வாங்கிய கதையைக்கூட, "நேத்து எங்கப்பா எனக்கு மங்களம் பாடிட்டாருக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். பதினான்கு வயது இருக்கும். எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் பிள்ளைகள் அவளைப் பெரியக்கா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சுருதிப்பெட்டியின் துருத்தி கிழிந்து போகும் நாட்களில் அவளைத்தான் 'ஸா' பிடிக்கச் சொல்வேன். நூல் பிடித்த மாதிரி நிற்கும். எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே வருஷத்தில் வாங்கிக்கொண்டுவிட்டாள். ஒரு நாள் ஆனந்தபைரவியில் ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்தேன். நான் பாடிக் காட்டியதைவிட அவள் திருப்பிப் பாடியது நன்றாக இருந்தது. ஃபிட்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பொறாமை வந்ததா என்று கேட்டால், வந்தது. அப்புறம் அந்தப் பொறாமை பெருமையாகிவிட்டது.

அவளுடைய அம்மாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மல்லேஸ்வரத்து வீடுகளுக்குப் பின்னால் அந்த நாளில் ஒரு சந்து இருக்கும். கக்கூஸ் சுத்தம் செய்கிறவர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் வந்து போக வேண்டும், முன்வாசல் பக்கம் தலை காட்டக்கூடாது. அந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஓயாத இருமல். ஸ்கூல் லீவு நாட்களில் மகளும் கூடப் போய் வாளி தூக்குவாள். மேஸ்திரி, "உனக்குப் பதிலா பொண்ணைச் சேர்த்துவுட்டுடு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். வேலை கைவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு வாளியைத் தூக்க வேண்டிய நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மல்லேஸ்வரம் சபாவின் காரியதரிசி எங்கள் கூடத்துக்கு வந்தார். ரிடையரான பெரிய அதிகாரி. எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். பிள்ளைகள் பாடியதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே கலங்கியது. "இவாளும் நம்ம குழந்தைகள்தானேம்மா. ராமநவமிக்கு நம்ம பந்தல்ல பாடட்டும். ஃபர்ஸ்ட் கிளாஸா பண்ணிடலாம்" என்றார்.

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். மைசூரில் பெண்களுக்கான ஒரு பாட்டுப் பள்ளியை நடத்துகிற டீச்சரம்மா அன்றைக்கு வருகிறாராம். சிறுவர் கோஷ்டிகளைக் கேட்டு, தனியாகப் பாடுகிற பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போவாராம். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. முடித்து வந்தால் ஏதாவது ஸ்கூலில் பாட்டு டீச்சர் வேலை நிச்சயம். எனக்கு அப்போதே பெரியக்காவின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து இருமிவிட்டுச் சொன்னார். "எங்கம்மா செஞ்சாங்க, நான் செய்யறேன். இது கைல தொடப்பத்தைக் குடுக்க மட்டும் எனக்கு மனசு வரலம்மா. ராமநவமி வரைக்கும் மேஸ்திரிகிட்ட சால்ஜாப்பு சொல்லி ஓட்டறேன். அதுக்குள்ள எதுனா ஒரு வழி பண்ணுங்க. அதுக்கு மேல என்னால முடியாது, ஒரே பேஜாராப் போச்சு."

அப்புறம் எங்களுக்குச் சாப்பாடு தூக்கம் எல்லாம் பாட்டுதான். கோஷ்டியாக ஒரு கீதம், கோஷ்டியாகத் தேவர்நாமா என்கிற கன்னடப் பக்திப் பாட்டு ஒன்று, மூன்றாவதாகப் பெரியக்கா தனியாக அந்த ஆனந்தபைரவி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து மங்களம். இதுதான் திட்டம். காரியதரிசியிடமும் இதைச் சொல்லியிருந்தேன், அவரும் பேஷ் பேஷ் என்று தலையாட்டியிருந்தார்.

ராமநவமி அன்று காலையில் பிள்ளைகள் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு, துவைத்த துணி உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெரியக்காவுக்கு என் பாவாடையை வெட்டித் தைத்துக் கொடுத்திருந்தேன். ஃபிட்டர் மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். ரயில் பாதையைத் தாண்டும்போது சின்னதுகள் தண்டவாளத்தில் கால் வைத்து சரிகமபதநி சொல்லிக்கொண்டே வந்தன. "தொண்டையை இப்பவே வித்துடாதீங்கடா" என்று பெரியக்காதான் அதட்டினாள்.

பந்தல் நிறைந்திருந்தது. தென்னோலை வாசனை, ராமர் படத்துக்கு முன்னால் ஊதுபத்திப் புகை, ஓரத்தில் அண்டா அண்டாவாகப் பானகமும் நீர்மோரும். எங்களை "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்கு டம்ளரில் பானகம் வந்தது. டீச்சரம்மா முதல் வரிசையின் கோடியில் விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டிப்பான முகம், ஆனால் குழந்தைகளைப் பார்த்ததும் சிரித்தார்.

கீதம் நன்றாகப் போயிற்று. தேவர்நாமா அதைவிட நன்றாகப் போயிற்று. ஜனங்கள் கூடவே தாளம் போட்டார்கள். அது முடிந்ததும் திட்டப்படி பெரியக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்து சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை பின்னால் மறைந்திருந்த முகம் அப்போதுதான் சபைக்குத் தெரிந்தது.

முதல் வரிசை நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவளைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பக்கத்து அம்மாளின் காதில் ஏதோ சொன்னார். சொல்லும்போதே அவர் கை தன்னையறியாமல் மூக்குப் பக்கம் போயிற்று. எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பின்சந்தில் அம்மாவோடு வாளி தூக்கிக்கொண்டு போகிற பெண் இவள்தான் என்று கண்டுகொண்டார்கள். காரியதரிசியைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இறங்கு என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். அவர்கள் அப்படிப்பட்டவர்களா? காரியதரிசி சிரித்த முகமாக மைக்குக்கு வந்தார். "மக்களு பஹள சென்னாகி ஹாடிதரு" என்றார். குழந்தைகள் ரொம்ப நன்றாகப் பாடினார்களாம். ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் முதல் வரிசை அம்மாள் எழுந்து நின்று கைகூப்பி மங்களத்தைத் தொடங்கிவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் கூடச் சேர்ந்தார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். பந்தலே எழுந்து நின்றது.

சுருதிப்பெட்டியில் கை வைத்தபடி நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபிட்டரின் கை மிருதங்கத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள்? நான் பழக்கி வைத்திருந்தேனே! மங்களம் காதில் விழுந்ததும் ஒன்று பாக்கியில்லாமல் எழுந்து கைகூப்பி நின்று பாட ஆரம்பித்துவிட்டன.

பெரியக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முதல் வரிசையைப் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்தாள், கைகூப்பினாள், பாடினாள். அத்தனை பெண்களின் குரலுக்கும் மேலே அவள் குரல் தனியாகப் போயிற்று. மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதி போட்டாள், நான் அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. தன்னை வெளியே அனுப்புவதற்காகப் பாடப்பட்ட மங்களத்தை அங்கே அவள்தான் எல்லோரையும்விட நன்றாகப் பாடினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

ஆரத்தித் தட்டு நகர்ந்ததும் காரியதரிசியைப் பிடித்தேன்.

"சார், இன்னும் ஒரு பாட்டு இருக்கே. இந்தப் பொண்ணு தனியாப் பாடணும்னு உங்ககிட்ட சொன்னேனே."

"அடடா! கவனிக்கலையேம்மா. மங்களம் ஆயிடுத்தே, இனிமே எப்படி? நீங்களே பாட்டுச் சொல்லிக் கொடுக்கறவா. உங்களுக்குத் தெரியாததா?"

"மங்களத்தை ஆரம்பிச்சது நாங்க இல்லையே சார்!"

"யார் ஆரம்பிச்சா என்னம்மா? சுவாமி காரியம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ. அடுத்த வருஷம் முதல்லயே பாட விட்டுடலாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு வேறு ஒன்றை விரித்தார்கள். அந்தப் பேட்டையிலேயே ஒரு வீட்டில் நடக்கிற பாட்டு வகுப்புப் பிள்ளைகள் பட்டுப் பாவாடை சரசரக்க வந்து உட்கார்ந்தார்கள். "இப்ப மட்டும் மங்களத்துக்கு மேல பாடலாமா சார்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அது வேற கோஷ்டிம்மா. உங்க கோஷ்டிக்கு மங்களம் ஆச்சு, அவ்வளவுதான்" என்று நகர்ந்துவிட்டார். சாதி என்ற வார்த்தையை அங்கே ஒருவரும் வாயால் சொல்லவில்லை. வந்தபோது டம்ளரில் கிடைத்த பானகம் இப்போது பிள்ளைகளுக்குத் தொன்னையில் வந்தது. சின்னதுகள் அதையும் சந்தோஷமாகக் குடித்தன.

நான் விடுவேனா? நேராக டீச்சரம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். யாருடைய மகள், அம்மா என்ன வேலை செய்கிறார், இதில் அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது, எதையும் மறைக்கவில்லை. அவர் விசிறியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். நான் அவரையும் அதே கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன், அந்த அம்மாள் அப்படி இல்லை.

"மங்களத்துல மேல போச்சே ஒரு குரல், அது அவளா?" என்றார். "அவதாம்மா" என்றேன். "கோஷ்டியில கேட்டதை வச்சு நான் எடுத்துக்க முடியாது. தனியா கேக்கணும். பந்தலுக்குப் பின்னால கூட்டிண்டு வாங்கோ. ரெண்டு வரி போதும் எனக்கு" என்று சொல்லி எழுந்தே வந்துவிட்டார். என் கால் தரையில் பாவவில்லை.

பந்தலுக்குப் பின்னால், பானக அண்டாக்களுக்குப் பக்கத்தில், பெரியக்காவை அழைத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். "பாடுடீ கண்ணு. அம்மா கேக்கறாங்க. ரெண்டே வரி."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"பாடு. பயப்படாதே."

"மங்களம் ஆயிடுச்சுக்கா" என்றாள்.

நான் சிரிக்கப் பார்த்தேன். "அது அவங்க பாடின மங்களம். நம்மோடது இல்ல. நான் சொல்றேன், பாடு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மங்களம் ஆச்சு இல்லக்கா. அப்புறம் பாடக்கூடாது" என்று அதையே சொன்னாள். கெஞ்சினேன். தாடையைப் பிடித்துக் கொஞ்சினேன். "உங்கம்மாவை நினைச்சுப் பாருடி பாவி" என்று திட்டியும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. ஃபிட்டர் தன் பங்குக்கு "பாடு தாயி, பாடு தாயி" என்றார். அந்த மனிதர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

டீச்சரம்மா பொறுமையாகத்தான் காத்திருந்தார். "பரவாயில்லே, குழந்தை பயந்துட்டா" என்றார். இன்னொரு நாள் இவளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். சாயங்கால ரயிலுக்கே கிளம்புவதாகச் சொன்னார். அதற்குள் பந்தலிலிருந்து அவரைத் தேடி ஆள் வந்துவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பட்டுப் பாவாடைக் கோஷ்டியில் தனியாகப் பாடிய ஒரு பெண்ணை அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளும் குழந்தைதான்.

திரும்பி வரும்போது யாரும் சரிகமபதநி சொல்லவில்லை. நான் பெரியக்காவோடு பேசவில்லை. என்ன அசட்டுப் பெண், சொன்ன விதியை இப்படியா உடும்பாகப் பிடித்துக்கொள்வது என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைக்காத குறை. என் வீட்டுக்காரர், "உங்க ஊர்க்காரங்கதானே, உனக்குத் தெரியாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அடுத்த நாள் வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சரி, நாமே போவோம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார். பெரியக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பலகையைத் துடைத்துப் போட்டாள். மூலையில் கார்ப்பரேஷன் வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கேட்க வேண்டியதே இல்லை. மேஸ்திரியிடம் பேரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஏன்டீ, ரெண்டு வரி. ரெண்டே ரெண்டு வரி பாடியிருந்தா இந்த வாளி உனக்கு வந்திருக்குமா? மங்களத்துக்கு அப்புறம் பாடக்கூடாதுன்னு நான் சொன்னதைப் பெரிசா நினைச்சுட்டியே" என்று கேட்டேவிட்டேன்.

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அதுக்காக இல்லக்கா" என்றாள்.

"பின்னே எதுக்கு?"

"அந்தம்மா என்னைப் பாத்தாங்க, நானும் பாத்தேன். அவங்க வூட்டு சந்து எனக்குத் தெரியாதா? மூக்கைப் பொத்துனாங்களே, அதையும் பாத்தேன். அது மங்களம் இல்லக்கா. போடீன்னு சொல்றதை ராகம் போட்டுச் சொன்னாங்க."

நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"தெரிஞ்சும் ஏன்டீ கூடப் பாடின? அவ்வளவு நல்லா வேற பாடினியே!"

"நம்ம பசங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு பாடுதுங்க. நான் மட்டும் நிறுத்துனா அதுங்களுக்கும் தெரிஞ்சிடும் இல்ல? சந்தோசமா வந்துச்சுங்க, சந்தோசமாவே போவட்டும்னு பாடினேன்." அடுப்பைக் கிளறிவிட்டு அவளே தொடர்ந்தாள். "அதுக்கப்புறம் அண்டாவாண்ட போய் நின்னு பாடிக் காட்டணும்னா, எனக்கு வரலக்கா. முன்வாசல்ல பாடக் கூட்டிட்டுப் போனீங்க. அங்கயும் கடைசில பின்சந்துலதான பாடச் சொன்னாங்க?"

டீச்சரம்மா நல்லவர், அந்த எண்ணத்தில் கூப்பிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் நல்லவர்தான். ஆனாலும் எங்களை நிற்க வைத்த இடம் அண்டாக்களுக்குப் பக்கத்தில்தானே? அவளை அங்கே பிடித்து இழுத்துக்கொண்டு போனதும் நான்தானே? அவள் அம்மா படுத்திருந்த இடத்திலிருந்தே, "வுடுங்கம்மா. தலையெழுத்து. நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்ற முறையே இல்லாமல் போயிற்று. நான் அந்தப் பலகையில் உட்கார்ந்து அழுதேன்.

பெரியக்கா அதன்பிறகு வகுப்பில் உட்காரவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வீட்டு வாசலில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தால், "என்னாக்கா, பசங்க ஒழுங்கா வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். பாடு என்று நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று இருந்தது. அவள் அம்மா இரண்டொரு வருஷத்தில் போய்விட்டார். அவள் கல்யாணமாகிக் கோலார் பக்கம் போனாள். அங்கேயும் அதே வேலைதான் என்று கேள்விப்பட்டேன்.

காரியதரிசி மறு வருஷமும் வந்தார், மறக்காமல். "போன தடவை ஒரு பாட்டு விட்டுப்போச்சுன்னு குறைப்பட்டேளே, இந்தத் தடவை ஜாஸ்தி டைம் தரேன்" என்றார். "எதுக்கு சார் சிரமம்? நாங்க நேரா வந்து மங்களம் மட்டும் பாடிட்டுப் போயிடறோம்" என்றேன். அவருக்கு அது புரிந்ததா இல்லையா தெரியவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். ஃபிட்டர் மட்டும் மூலையில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டார், அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

பாட்டு ஸ்கூல் அதன்பிறகும் பல வருஷம் நடந்தது. நிறையப் பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள், சிலர் நன்றாகவும் வந்தார்கள். ஆனால் பெரியக்காவின் குரல் மாதிரி ஒன்று மறுபடி என் கூடத்துக்குள் வரவே இல்லை. ஒருவேளை வந்திருந்தாலும், அதை எந்தப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. நான் பெற்ற பிள்ளைகள் கச்சேரிக்கு அழைத்துப் போகிறார்கள். கடைசியில் மங்களம் தொடங்கியதும் சுற்றிலும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நான் மட்டும் உட்கார்ந்தே இருப்பேன். பாட்டிக்கு முழங்கால் வலி என்று பேரன் பக்கத்துச் சீட்டுக்காரர்களிடம் சொல்கிறான், நானும் இல்லை என்று சொல்வதில்லை. யாரை வெளியே அனுப்புவதற்காக இதைப் பாடுகிறார்கள் என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்ளாமல் என்னால் இன்றுவரை ஒரு மங்களத்துக்கும் கைகூப்ப முடியவில்லை.